சாட்சிச் சுற்று

அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சுகந்தி பிடிவாதம் பிடித்தாள். கல்யாணத்துக்குச் சாமியானா கட்டுவார்களே, அந்த மஞ்சள். அறுபத்திரண்டு வயதில் அதைப் போட்டுக்கொண்டு பொது இடத்தில் உட்கார எனக்குக் கூச்சம். போன மாதமும் இதையேதானே போட்டேன் என்று முணுமுணுத்துப் பார்த்தேன். "அதனாலென்னுங்க, உங்களுக்கு இதுதான் எடுப்பா இருக்குது" என்று இஸ்திரி போட்டு நீட்டிவிட்டாள். முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவன் சட்டைக்காகச் சண்டை போடமாட்டான். போட்டுக்கொண்டேன்.

சட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட எனக்கு நேரமும் இல்லை. மதியம் ஜெயசீலன் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி பியூலாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை, இந்த மாத வினாடி வினாவுக்கு இரண்டு பேராலும் வரமுடியாது என்றான். நீங்கள் இரண்டு பேரே ஜமாய்த்துவிடுவீர்கள் என்று தைரியம் வேறு சொன்னான். எங்கள் அணியே ஜெயசீலன்தான். அவன் விடை சொல்வான், பியூலா எழுதுவாள், செடி கொடி என்று வந்தால் சுகந்தி சொல்வாள், நான் "அதேதான், அதேதான்" என்று தலையாட்டுவேன். எட்டு மாதமாக நான் செய்துவந்தது அந்தத் தலையாட்டல் மட்டும்தான் என்பது யாருக்கும் தெரியாது.

மற்ற நேரத்தில் என் மறதி வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்தது பொட்டு. நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்வதால் அதற்கு அந்தப் பெயர். மிளகு அளவுதான் இருக்கும். அதில் ஊசிமுனைக் கண் ஒன்று உண்டு. எதிரே இருப்பதைப் பார்த்து, நமக்கு எது மறந்துபோயிருக்கும் என்று யூகித்து, எலும்பு வழியாகக் காதுக்குள் சொல்லிவிடும். அடுப்பில் பால் இருக்கிறது, இவர் பெயர் பழனிவேல், இன்றைக்கு மச்சினன் பிறந்தநாள் என்று. கோயமுத்தூரில் இப்போது பொட்டு இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். நான் பம்ப்செட் கம்பெனியில் வேலையில் இருந்தபோதே ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். முந்நூறு வாடிக்கையாளர் பெயரையும் தப்பில்லாமல் சொல்லி, முதலாளியிடம் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.

எட்டு மாதத்துக்கு முன் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என் பொட்டை இரண்டாம் படிக்கு ஏற்றினார். முதல் படி சாவி, மருந்து, பிறந்தநாள், வெளியாட்களின் பெயர். இரண்டாம் படி நெருங்கியவர்களின் பெயர்களும் நடந்த சம்பவங்களும். எனக்கு அவமானமாக இருந்தது. பழையபடி ஆகாதா என்று கேட்டேன்.

"பதினெட்டு வருசமா ஒட்டியிருக்கீங்க சார். தேடறதுக்கு முன்னாடியே அது எடுத்துக் குடுத்துருது. அப்புறம் மூளை எதுக்குத் தேடப்போகுது? தடியை ஊனியே நடந்தா காலு சும்பிப்போகுமில்லீங்களா, அப்படித்தான்."

மூன்றாம் படி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"ஆளே யாருன்னு சொல்லணும். இது உங்க சம்சாரம், இது உங்க பொண்ணுன்னு. அந்தப் படியில வேற குரல் காதுக்குள்ள கேட்டா மிரண்டுபோவாங்க. அதனால அவங்கவங்க சொந்தக் குரல்லயே முன்கூட்டிப் பேசிப் பதிஞ்சு வெச்சுக்கச் சொல்றோம். போன்ல ஒரு பொத்தான்தான், நீங்களே ஏத்திக்கலாம். இறக்கறது மட்டும் ஆகாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எல்லாம் நார்மல் என்று சுகந்தியிடம் சொன்னேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது, பொட்டு இல்லாமல், என் தங்கையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஜடை மட்டும் வந்தது. அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயம் நோயைப் பற்றி மட்டும் இல்லை. எங்கள் மகள் இனியா ஓசூரில் இருக்கிறாள். ஒரே பெண். அவள் ஊருக்குப் பக்கத்தில் மறதிக்காரர்களுக்கென்று ஒரு நினைவு இல்லம் இருக்கிறது. நல்ல இடம்தான், தோட்டமெல்லாம் உண்டு. ஆனால் அங்கே படிக்குப் படி தனி வளாகம். கணவன் ஒரு படியிலும் மனைவி ஒரு படியிலும் இருந்தால் ஆளுக்கொரு வளாகம், மாதம் இரண்டு தடவை பார்க்கலாம். ஆள் தெரியாதவர்கள் பக்கத்தில் ஆள் தெரிந்தவர்கள் இருந்தால் இருவருக்கும் மனக்கஷ்டம் என்று காரணம் சொல்கிறார்கள். இனியா கெட்டவள் இல்லை. தொலைவில் இருக்கிறாள், பயப்படுகிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது அவளே ஒரு நிபந்தனை போட்டாள். மாதாமாதம் வினாடி வினாவுக்குப் போங்கள், பொட்டு இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், அதைச் சமாளித்தால் நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள். மதிப்பெண் பலகையைப் படம் எடுத்து மன்றத்துக் குழுவில் போடுவார்கள். பியூலா அவளையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இனியா வருகிறாள். அந்த இல்லத்து விண்ணப்பத்தையும் எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தாள், சும்மா பார்த்து வைத்துக்கொள்ளத்தானாம்.

எனக்கு இருந்த ஒரே தெம்பு சுகந்தி. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள். இன்றைக்கும் ரோட்டோரத்துப் பூண்டைக் காட்டினால் லத்தீன் பெயர் சொல்வாள். அவளுக்கு முதல் படி, அதுவும் பேருக்குத்தான் ஒட்டியிருக்கிறாள் என்பது என் கணக்கு. அதனாலேயே அவளைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது. கொஞ்ச நாளாக அவள் என்னை அடிக்கடி உற்றுப் பார்க்கிறாள். டீவியைப் பார்க்கிற சாக்கில் என்னைப் பார்க்கிறாள். சந்தேகம் வந்துவிட்டது, இனியாவிடம் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

சிங்காநல்லூர்க் குளத்தோரம் இருக்கிறது எங்கள் மனமகிழ் மன்றம். பெயர்தான் மனமகிழ், உள்ளே நடப்பது பார். மாதக் கடைசி வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வினாடி வினா. கூடத்துக்குள் நுழைகிற இடத்தில் தேக்குச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. எல்லோரும் பொட்டைக் கழற்றி அதில் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள், கலந்துபோய்ச் சண்டை வந்தது. ஒரு தடவை பியூலா, குளியலறைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுகிற பழக்கத்தில், தன்னுடையதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் பெயர் எழுதிவைப்பார்கள். நாங்கள் பழைய ஆட்கள், இடம் பார்த்து எடுத்துக்கொள்வோம். ஜெயசீலன், பியூலா, சுகந்தி, நான் என்று வரிசை. வலது கோடி என்னுடையது.

அன்று நான் கழற்றி ஒட்டிவிட்டு நகர்ந்தேன். காதுக்குள் சட்டென்று ஒரு நிசப்தம். முதல் ஐந்து நிமிடம் எப்போதும் அப்படித்தான், யாரோ எழுந்து போன நாற்காலியைப் பார்க்கிற உணர்வு. திரும்பிப் பார்த்தால் சுகந்தி இன்னும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வா என்று கையாட்டினேன். ஒரு மூச்சு இழுத்து விட்டு, நெற்றிப்பொட்டில் கை வைத்தாள். பிறகு வேகமாக வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

வழியில் மன்றத்துச் செயலாளர் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தார். "நல்லாருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்று சிரித்தாள். அவர் பெயர் என்ன என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. இவள் எவ்வளவு சரளமாகப் பேசுகிறாள் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

ஒன்பது மேசை. பள்ளிபாளையம் சிக்கன் வாசம் கூடம் முழுக்க. எனக்கு ஒரு பீர், அவளுக்கு எலுமிச்சை சோடா. கேள்வி கேட்கிறவர் ரஞ்சனி மேடம், தபால் ஆபீசில் அதிகாரியாக இருந்தவர். எங்கள் அணிக்கு "நாலு பேர்" என்று பெயர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேரில் இன்றைக்கு இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள், மீதி இரண்டு பேர் என்ன சொல்வார்களோ என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வாய் பீரை விழுங்கினேன்.

வருடா வருடம் கேள்விகளை எளிதாக்கிக்கொண்டே வருகிறேன் என்று ரஞ்சனி மேடம் ஒரு முறை என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். முன்பெல்லாம் சோழர் காலத்துச் செப்பேட்டைப் பற்றிக் கேட்பாராம், இப்போது மாநில மலர் எது என்று கேட்டாலே பாதி மேசை கூரையைப் பார்க்கிறது. அன்று அதையேதான் கேட்டார். சுகந்தி நொடியில் செங்காந்தள் என்று எழுதி, பக்கத்தில் குளோரியோசா சூப்பர்பா என்று கேட்காததையும் எழுதினாள். வேம்பு, பனை, குறிஞ்சி பூக்கிற வருடக் கணக்கு, எல்லாம் அவளே. சுற்றிலும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவள் ஒருத்திதான் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது விளையாட்டு. அது என் துறை. இருபது வயது வரை லீக் கிரிக்கெட் ஆடியவன் நான், விக்கெட் கீப்பர். கேள்வி இதுதான்: ஸ்டம்புகளுக்கு மேலே படுக்க வைக்கிற இரண்டு சின்ன மரத்துண்டுக்கு என்ன பெயர்? குழந்தைகள் சொல்லிவிடும். என் வாய் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. வெயில் தெரிகிறது, கையுறையின் வியர்வை நாற்றம் தெரிகிறது, பெயர் இல்லை. சுகந்தி பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் பொட்டைக் கெஞ்சினேன், அது வாசலில் கண்ணாடியில் இருக்கிறது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என் இரண்டு கையும் மேசை மேல் எழுந்து, இல்லாத ஸ்டம்பின் மேல் இல்லாத துண்டுகளை எடுத்து வைத்தன. ஆயிரம் தடவை செய்த வேலை. "பெயில்ஸ்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர்கள் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால் சுகந்தி எங்கள் மேசையில் இல்லை. நாலு மேசை தள்ளி, மஞ்சள் டீஷர்ட் போட்ட ஒருவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பின் தெரியாத ஆள். நான் போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்ன, எதிரணிகிட்ட விடை கேக்கறியா?"

"இல்லீங்க, மேசை மாறிப்போச்சு" என்றாள். கை சில்லென்று இருந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். என் பயத்துக்கு நடுவில் அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பலகையில் நாங்கள் ஆறாவது. கடைசிச் சுற்றுக்குப் பெயர் சாட்சிச் சுற்று. எங்கள் மன்றத்தில் மட்டும்தான் அது உண்டு. அணியில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பார்கள். சொன்னது சரியா என்று யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவரே சாட்சி சொல்ல வேண்டும். உண்மை என்றால் பத்து மதிப்பெண், பொய் என்றால் பூஜ்யம். சரிபார்க்க வழியே இல்லை, கண்ணியத்தை நம்பி நடக்கிற சுற்று. பொட்டுகள் வந்த பிறகு, இதுவாவது நம் தலைக்குள் இருக்கட்டும் என்று ரஞ்சனி மேடம்தான் ஆரம்பித்து வைத்தார். எங்கள் அணியில் எப்போதும் ஜெயசீலனும் பியூலாவும் எழுந்து நிற்பார்கள். அவர்கள் ஊட்டியில் தேனிலவுக்குப் போய்க் குளிரில் சண்டை போட்ட கதை கூடத்துக்கே மனப்பாடம்.

இன்றைக்கு நாங்கள் எழுந்து நின்றோம்.

"சாருக்கு ஈசியான கேள்விதான்" என்றார் ரஞ்சனி மேடம். "இவங்களை முதமுதல்ல எங்க பாத்தீங்க? அப்ப இவங்க கையில என்ன இருந்துச்சு?"

முப்பது நொடி. மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். நான் சுகந்தியைப் பார்த்தேன். இந்த முகத்தை முதலில் எங்கே பார்த்தேன்? ஒரு பச்சை நிறம் வந்தது. புடவையா, சுவரா, தெரியவில்லை. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை, வெறும் வெள்ளைத் தாள். ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பம், இரண்டு வளாகம், நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் எல்லாம் வரிசையாக வந்தது, கேட்டது மட்டும் வரவில்லை. கடைசி மணல் இறங்குகையில் வாய் தானாகத் திறந்தது.

"காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுங்க. அன்னூர் பஸ் நிக்கிற இடம். கையில ஒரு தொட்டிச் செடி வெச்சிருந்தா. செடியைப் பஸ்ல ஏத்தமாட்டேன்னு கண்டக்டர் சொல்ல, இவ விடாம சண்டை போட்டுட்டு இருந்தா."

கூடம் சிரித்தது. பொய்யில் இவ்வளவு உயிர் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ரஞ்சனி மேடம் மைக்கை அவள் பக்கம் நீட்டினார். சாட்சி என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சுகந்தி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"உண்மைங்க" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, மெதுவாக, "செடியை மடியில வெச்சுட்டுத்தான் ஊருக்குப் போனேன்" என்றாள்.

கைதட்டினார்கள். பத்து மதிப்பெண். மூன்றாம் இடம். நான் உட்கார்ந்தேன். எனக்காகப் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. நான் மறந்துவிட்டேன் என்று தெரிந்தும், அத்தனை பேர் முன்னால், கண்ணியத்தை நம்பி நடக்கிற சுற்றில், எனக்காகப் பொய் சொல்லிவிட்டாள். நன்றியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், இனியும் மறைப்பது பாவம் என்று தீர்மானித்தேன்.

எட்டரைக்குக் கூட்டம் கண்ணாடிக்கு முண்டியடித்தது. இரண்டு மணி நேரம் பொட்டு இல்லாமல் இருந்தவர்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். சுகந்தி பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தோள்களுக்கு நடுவே கையை நுழைத்து, பழக்கப்படி வலது கோடியில் இருந்ததைப் பிய்த்து நெற்றிப்பொட்டில் ஒட்டினேன். இன்றைக்கு நான்கு பேர் இல்லை, எனக்கு அப்புறம் அவள் ஒட்டினாள் என்பது புத்திக்கு எட்டவே இல்லை.

காதுக்குள் சுகந்தியின் குரல் கேட்டது.

பின்னால் நிற்கிறவள்தான் ஏதோ சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியில் அவள் வாய் அசையவில்லை. பொட்டின் கண், கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"மஞ்ச சட்டை போட்டிருக்கறவரு உன்ற வூட்டுக்காரரு. பேரு மோகன்ராஜ். அவருக்கும் மறதி வந்துருச்சு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நல்ல மனுசன். பயப்படாத. கூடவே போ."

கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. நான் அசையவில்லை. கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் இடம் கொடுத்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. கை மட்டும் மஞ்சள் துணியை விடாமல் பிடித்திருந்தது.

எப்போது உட்கார்ந்து இதைப் பதிந்தாளோ. நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், இவள் சமையலறையில் அதை அழுத்திவிட்டிருக்கிறாள். தனக்குத் தானே பயப்படாதே என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதில் என் மறதியையும் ஞாபகமாகச் சேர்த்திருக்கிறாள். என்னை உற்றுப் பார்த்ததெல்லாம் சந்தேகம் இல்லை. யார் என்று பார்த்திருக்கிறாள்.

கண்ணாடியில் மிச்சம் இருந்த என் பொட்டை நோக்கி அவள் கை நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"மாத்தி எடுத்துட்டேன். இதுதான் உன்னுது" என்று சொல்லி, என் நெற்றியிலிருந்து பிய்த்து, அவள் நெற்றிப்பொட்டில் நானே ஒட்டினேன். கோயிலில் குங்குமம் வைத்துவிடும்போது நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திறந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே குரல் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அவள் முகம் தெளிந்தது.

"போலாங்களா?" என்றாள்.

ஓட்டுநர் இல்லாத ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடியிலிருந்து எடுத்து வந்த என் பொட்டை ஒட்டிக்கொண்டு, சுகந்திக்குக் கேட்காமல், இவளை முதலில் எங்கே பார்த்தேன் என்று அதனிடம் கேட்டேன். அன்னூரில் அவள் சித்தப்பா வீடு, பெண் பார்க்கும் நாள், பச்சை வண்ணம் அடித்த கூடம், கையில் காபித் தட்டு என்று, நான் எப்போதோ சொல்லிவைத்திருந்ததை அது சொன்னது. பஸ் ஸ்டாண்டும் இல்லை, செடியும் இல்லை. அவள் எனக்காகப் பொய் சொல்லவே இல்லை. அவளிடமும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சாட்சி சொன்னாள். கலங்கிய கண், அப்படி ஒன்று நடந்திருக்கிறதே என்ற சந்தோஷமாக இருந்திருக்கும்.

இனியாவின் செய்தி வந்தது. ரெண்டே பேர் போய் மூணாவதா, பிரமாதம், ஃபாரம் வேண்டாம்ப்பா, நான் சும்மாதான் வர்றேன், அம்மாவுக்கு முத்தம் என்று எழுதியிருந்தாள். இன்று காலை வரை அந்த ஒரு வரிக்காகத்தான் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பதிலுக்கு "அம்மாவுக்கு" என்று தட்டினேன். மகளுக்குத் தெரிய வேண்டும். வைத்தியம் ஏதாவது இருக்கலாம். மறைக்க எனக்கு என்ன உரிமை? இரண்டு வளாகத்துக்கு நடுவில் இருக்கிற அந்தச் சுவர் கண் முன்னால் வந்தது. அந்தப் பக்கம் யாராவது மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனால் இவள் பின்னாலேயே போய்விடுவாள். எழுதியதை அழித்துவிட்டு, சந்தோஷம் கண்ணு என்று மட்டும் அனுப்பினேன். நான் செய்தது சரி என்று சொல்லவரவில்லை.

ஆட்டோ ஒண்டிப்புதூர்ப் பாலத்தில் ஏறும்போது சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தச் செடி என்ன ஆச்சு?"

"எந்தச் செடி?"

"பஸ்ல மடியில வெச்சு எடுத்துட்டுப் போனேனே."

"மொட்டை மாடியிலதான இருக்குது. நீதான தண்ணி ஊத்தறே" என்றேன்.

"அப்படீங்களா" என்று யோசித்தாள். "என்ன செடிங்க அது?"

"டீச்சர் நீ. நீயே சொல்லு."

"மடியில வெக்கற அளவுன்னா செம்பருத்தியாத்தான் இருக்கும்" என்றாள். "ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்." ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, நாளைக்கு மாடிக்குப் போய் அதைப் பார்க்க வேண்டும் என்றாள். சரி, பார்க்கலாம் என்றேன். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் தவிர ஒன்றும் கிடையாது.

திருச்சி ரோட்டு நர்சரி காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அவள் எழுவதற்குள் திரும்பிவிட முடியாது என்று தெரியும். அதனால் துவைக்கப் போட்டிருந்த மஞ்சள் சட்டையையே மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எட்டரைக்கே போய்க் கதவு முன்னால் நின்றேன்.